417, 418

மார்பளவு உயரம் என்றால்
ஒன்று தசம் மூன்று மீற்றர்.
என் உடம்பில் அது கழுத்துக்குழி.
யாரோ ஒரு நெட்டையனின் நெஞ்சை வைத்து
உலகத்து மரங்களை எல்லாம் அளக்கிறோம் என்று
முதல் நாளே றெஜினோல்டிடம் சொன்னேன்.
அவன் சிரிக்கவில்லை.
பிசின் ஒட்டிய விரலால் ரேப்பின் மறுநுனியைப் பிடித்தபடி
"இருநூற்றுப் பன்னிரண்டு" என்றான்.

படிவத்தில் பதினொரு கட்டங்கள்.
இனம், சுற்றளவு, கவிகையின் அகலம்,
சாய்வு, பொந்து, கறையான்,
மின்கம்பிக்கு எத்தனை அடி.
தபால்பெட்டியை விழுங்கிக்கொண்டிருந்த ஆலுக்கும்
சைக்கிள் கடைக்காரர் ரியூப் தொங்கவிடும் வேம்புக்கும்
அதே பதினொன்று.
தகட்டை வைத்து ஆணி அடிக்க முன்
ஒவ்வொரு மரத்திடமும் றெஜினோல்ட்
"கொஞ்சம் பொறு" என்பான்,
ஊசி போடவந்த நேர்ஸ் மாதிரி.

ஓட்டுமடத்தால் திரும்பும் ஒழுங்கை.
பங்குனி, பகல் ஒரு மணி.
தாரில் வைத்த வெப்பமானி ஐம்பத்துமூன்று காட்டியது.
நாலடி தள்ளி, 417இன் நிழலில், முப்பத்தைந்து.
பிழையென்று நினைத்து மூன்று தரம் வைத்துப் பார்த்தேன்.
அங்கே ஏற்கெனவே ஓர் ஓட்டோ, ஓர் ஐஸ்கிறீம் வண்டி,
சீருடையோடு இரண்டு பெட்டைகள், ஒரு நாய்,
எந்தக் கருவியும் இல்லாமல்
அதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

417 நிழல்வாகை. 418 பக்கத்து இலுப்பை.
உயரத்தில் இரண்டின் கிளைகளும்
ஒன்றையொன்று தொடாமல்
நடுவில் ஆறுபோல ஒரு வானத்தை விட்டிருந்தன.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
கணினியில் ஏற்றிய பிள்ளை அதை விட்டுவிட்டாள்.

பதினாறு மாதம் கழித்து இரண்டாம் சுற்று.
நீலப்புள்ளி சரியான இடத்தில் நின்று துடித்தது,
ஒரு வடிகால் மூடியின் மேல்.
புதுச் சீமெந்து.
ஈரம் காயமுன் ஒரு காகம்
நடந்துபோய்த் திரும்பி வந்த தடம்.

இறப்பின் காரணம்:
நோய். புயல். முதுமை. தெரியாது.
நாலில் ஒன்றை அமத்தாமல்
அடுத்த பக்கத்துக்கு விடாது அந்தச் செயலி.
றெஜினோல்ட் தொப்பியைக் கழற்றி விசிறினான்.
நான் வெப்பமானியை வெளியே எடுக்கவில்லை.

அப்போதுதான் கேட்டது. கிணுங். கிணுங்.
கிளுவை வேலியைக் கறித்தபடி வந்த
கறுத்த மறியாட்டின் கழுத்தில்
நைலோன் கயிறு. கயிற்றில்
இரண்டு அலுமினியத் தகடுகள்.

பின்னால் வந்தவள் கையால் அவற்றைப் பொத்தினாள்.
தவறஞ்சினி என்று பெயர். ஆட்டுக்குப் பெயர் இல்லை.
"வெட்டின அண்டு குழை பொறுக்கப் போனனான்.
இதுக்கு மூண்டு நாள் காணுமாயிருந்தது.
மரத்தூளுக்க கிடந்த தகடு.
மணி வாங்கப்போனா முந்நூறு ரூபா சொல்லுறாங்கள்.
இது ரண்டும் முட்டினா நல்லாக் கேக்கும்,
இருட்டினாப் பிறகு எங்க நிக்குதெண்டு தெரியும்."
கழற்றித் தரவா என்று கேட்டாள்.

சபையின் சொத்து. பதிவேட்டில் ஒன்று நாற்பது ரூபா.
றெஜினோல்ட் என்னைப் பார்த்தான்.
நான் பழக்கதோஷத்தில் குனிந்து
ஆட்டின் கழுத்தைச் சுற்றி ரேப்பைப் பிடித்தேன்.
"கொஞ்சம் பொறு" என்றான் அவன், ஆட்டிடம்.
முப்பத்தெட்டு சென்ரிமீற்றர்.
சாய்வு இல்லை. பொந்து இல்லை. கறையான் இல்லை.
மின்கம்பிக்கு வேண்டிய தூரம் உண்டு.

"தெரியாது" என்று இரண்டு தரம் அமத்தினேன்.
தெரியும்.

தொடாமல் நின்ற இரண்டும்
இப்போது ஒவ்வோர் அடிக்கும் முட்டிக்கொண்டு
ஒழுங்கை நீளத்துக்குப் போயின.
முடக்கில், போன மாதம் சபை நட்ட
1206, மருதங்கன்று, முழங்கால் உயரம்.
கம்பிக்கூட்டுக்குள் தலையை விட்டு
ஆடு அதன் நுனிக்குருத்தைக் கடித்தது.
றெஜினோல்ட் "ஏய்" என்று கத்திக்கொண்டு ஓடினான்.
நான் பேனையைத் திறந்தேன்.